பிராக்கில் இரண்டு நாள்: தனி விசா வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில், டிரெஸ்டனில் எம்.எஸ். படிக்கிறேன். இந்தச் சனி, ஞாயிறு நண்பர்கள் நாலு பேரோடு செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறேன். தனி விசா வேண்டுமா?

பதில்: ஜெர்மனியின் வசிப்பு அனுமதி அட்டை இருந்தால் வேண்டாம். பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பணம் கொருனா. ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், எல்பே ஆறு கூடவே வரும்.

பதில்: தம்பி, நான் பண்ணிய கூத்தைக் கேள். மெட்ரோவுக்குக் காகித டிக்கெட் வாங்கி, கசங்காமல் பர்ஸில் வைத்தேன். வாசலில் இருந்த மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தவில்லை. பரிசோதகர் விடுவாரா? அபராதம்! அப்புறம், சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடு. நேரமானால் வெறும் தலைகள்தான் தெரியும்.

கேட்டவர்: சரி அண்ணா, முத்திரை குத்திவிடுகிறேன். விடியற்காலையில் இவன்களை எழுப்புவதுதான் பெரிய பாடு.