கப்பில் குடிக்கப் பழக்குவது: எங்கே சிக்குகிறது, ஏன்?

இழையைத் தொடங்குபவர்

ஆறு மாதத்தில் திட உணவோடு சேர்த்துக் கப்பையும் தொடங்கச் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் "கொடுத்துக்கிட்டே இருங்க, தானா வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர், எந்த மாதிரிக் கப், எவ்வளவு சாய்ப்பது, ஏன் புரையேறுகிறது என்று பழக்கிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். "எங்க வீட்டுல" கதை வேண்டாம், செய்முறை போதும்.

உணவூட்டல் பயிற்சியாளர்

கப்பைக் கையில் எடுக்கும் முன் குழந்தை உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். முதுகு நேராக, பாதம் எதன் மேலாவது பதிந்து இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் தாடை நிலைக்காது. ஹை சேரின் கால்பலகை எட்டவில்லையா, அதன் மேல் ஒரு பெட்டியைக் கட்டி உயர்த்துங்கள். மடியில் வைத்துக் கொடுப்பதும் சரிதான், ஆனால் கை வளைவில் சாய்த்துப் போட்டபடி கொடுக்கக் கூடாது.

கப் 30 முதல் 60 மில்லி கொள்ளும் சின்னதாக, மெல்லிய விளிம்போடு இருக்கட்டும். விளிம்பு வாயைவிட அகலமாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் வழியும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கப் என்றால் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இனி முக்கியமான இடம். 10 மில்லி தண்ணீரைப் பெரிய டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் விளிம்புக்கு வர டம்ளரைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். டம்ளரின் மேல்விளிம்பு மூக்கில் இடிக்கும், குழந்தை தலையைப் பின்னால் தள்ளும். அண்ணாந்த நிலையில் விழுங்கினால் தண்ணீர் மூச்சுப்பாதைப் பக்கம் போவது சுலபம். "கொஞ்சம்தானே கொடுத்தேன், அதுக்கே புரையேறிடுச்சு" என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கொஞ்சமாகக் கொடுக்க நினைத்தால் கப்பும் சின்னதாக இருக்க வேண்டும். மூக்குக்கு இடம்விட்டு ஒரு பக்கம் வெட்டிய கப்புகளும் கிடைக்கின்றன. தலை சாயாமல் குடிக்க அவை நல்லவை.

கொடுக்கும் முறை: விளிம்பைக் கீழுதட்டின் மேல் வையுங்கள், நாக்கின் மேல் அல்ல. தண்ணீர் மேலுதட்டைத் தொடும்வரை மட்டும் சாயுங்கள். அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். மேலுதடு இறங்கி வந்து தண்ணீரை இழுக்கும். ஒரு மடக்கு போனதும் கப்பை எடுத்துவிட்டு, விழுங்கட்டும், மூச்சு விடட்டும், மறுபடி கொடுங்கள். வாய்க்குள் ஊற்றிவிட்டால் குழந்தை விழுங்கத்தான் கற்கும், குடிக்கக் கற்காது.

குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்

விளிம்பைக் கடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்ட பழக்கம் என்று பிடுங்க வேண்டாம். தாடையை ஒரு நிலையில் நிறுத்தத் தெரியாத வயதில் கப்பைக் கடித்துத்தான் அது தாடையை நிறுத்திக்கொள்கிறது. கண்ணாடி, எளிதில் உடையும் பிளாஸ்டிக் வேண்டாம், அவ்வளவுதான். கப்பைக் கொடுக்கும்போது மோவாய்க்கு அடியில் ஒரு விரலை லேசாக முட்டுக் கொடுத்தால் தாடை மேலும் கீழும் ஆடுவது குறையும். அழுத்தக் கூடாது.

தண்ணீர் வேகமாக ஓடுவதுதான் சிக்கல் என்றால், குழந்தை ஏற்கெனவே சாப்பிடும் மசியலில் ஒரு டீஸ்பூன் எடுத்து, கப்பில் மெல்ல நகரும் அளவுக்கு இளக்கி ஊற்றுங்கள். மெதுவாக வருவதால் உதடு மூட நேரம் கிடைக்கும். சில நாள் கழித்து இன்னும் நீர்க்க, பிறகு வெறும் தண்ணீர். சாப்பாட்டுக்கு நடுவே நாலைந்து மடக்கு போதும். ஒரே மூச்சில் 50 மில்லி குடிக்கவைக்கும் போட்டி எதற்கு?

கப்பைக் குழந்தையும் பிடிக்கட்டும், உங்கள் கை அதன் கைக்கு வெளியே சேர்த்துப் பிடித்திருக்கட்டும். கவிழ்ப்பதும் தட்டுவதும் நிச்சயம் நடக்கும். அதனால்தான் சின்னக் கப்பில் 10 மில்லி மட்டும்.

பல் மருத்துவர்

கடையில் முதலில் கையில் கிடைப்பது சிந்தாத சிப்பர். கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டும் விழவில்லை என்றால் உள்ளே வால்வு இருக்கிறது. வால்வைத் திறக்கக் குழந்தை புட்டியில் உறிஞ்சுவது போலவே உறிஞ்ச வேண்டும். புட்டியை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வேறு வடிவத்தில் அதையே தொடர்கிறோம். பல சிப்பர்களில் வால்வு தனியே கழன்றுவரும். எடுத்துவிட்டால் சொட்டும், அது பரவாயில்லை. சுற்றிலும் எந்தப் பக்கமும் குடிக்கலாம் என்று வரும் மூடிக் கப்பும் உதட்டால் அழுத்தி உறிஞ்சும் வகைதான். பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சிக்குத் திறந்த கப்.

தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும். புட்டியோடு தூங்கும் குழந்தைக்குப் பாலின் சர்க்கரை மேல் முன்பற்களில் தங்கிவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் சொத்தை மேலே தொடங்கும். மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

உணவூட்டல் பயிற்சியாளர்

ஸ்ட்ரா பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன். எட்டு, ஒன்பது மாத வாக்கில் பல குழந்தைகளுக்குக் கைகூடும். ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி, மேல் ஓட்டையை விரலால் மூடித் தூக்குங்கள், உள்ளே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும். கீழ்முனையை உதட்டுக்கு நடுவே வையுங்கள். குழந்தை வாயை மூடியதும் விரலை எடுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு விரலை எடுக்கத் தாமதியுங்கள், அது தானாக இழுக்கப் பார்க்கும். வாய்க்குள் போகும் பகுதி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் நாக்கின் மேல் வைத்துக்கொண்டு முலைக்காம்பு போலச் சப்பும்.

குழந்தைகள் நலச் செவிலி

அளவு: 6 முதல் 12 மாதம் வரை நாளுக்கு 120 முதல் 240 மில்லி தண்ணீர் போதும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். அதற்கு மேல் போனால் வயிறு நிறைந்து பால் குறையும். ஒரு வயதுக்குள் பழச்சாறு வேண்டாம், பசும்பால் முக்கியப் பானமாகவும் வேண்டாம். கப்பில் தாய்ப்பாலோ பவுடர் பாலோ கொடுக்கலாம், ஆனால் சிந்துகிறதே என்று பவுடர் பாலில் தண்ணீர் கூட்டாதீர்கள். வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

புட்டியை 12 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் விடுவிப்பது நல்லது. குழந்தை அதிகம் தேடாத பகல்நேரப் புட்டியை முதலில் கப்பாக மாற்றி, ஒரு வாரம் விட்டு அடுத்ததை எடுங்கள். தூங்கப்போகும் நேரத்துப் புட்டிதான் கடைசி. கப்புக்கு மாறும்போது பால் அளவு குறையும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது பெரும்பாலும் நல்லதே, ஏனென்றால் பசும்பாலால் வயிறு நிறைந்து சாப்பாடு குறைந்தால் இரும்புச்சத்துக் குறையும். ஒரு வயதுக்குள் அப்படியில்லை. சிறுநீர் நனைக்கும் டயப்பர்களை எண்ணுங்கள், எண்ணிக்கை குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் பேசுங்கள்.

குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியை வைத்து எண்ணக் கூடாது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால் ஆறு மாதத் திறமையைச் சுமார் எட்டாவது மாதத்தில் எதிர்பாருங்கள்.

ஆரம்பத்தில் ஓரிரு இருமல் சகஜம். ஆனால் ஒவ்வொரு தடவை குடிக்கும்போதும் இருமல், குடித்தபின் குரலில் ஈரம் கலந்த கரகரப்பு, உதட்டில் நீலம், அடிக்கடி நெஞ்சுச் சளி, இவற்றில் எது இருந்தாலும் கப் பயிற்சியை நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருமாமலே தண்ணீர் நுரையீரலுக்குள் போவதும் உண்டு.

இழையைத் தொடங்குபவர்

கவிழ்த்துப் பார்க்கும் சோதனையைச் செய்துவிட்டேன், ஒரு சொட்டும் விழவில்லை. வால்வைக் கழற்றினால் அடியில் கறுப்பாகப் பூசணம் இருக்கிறது. சூடுதண்ணீரில் கழுவினால் போதுமா?

குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்

கறுத்துப்போன வால்வைத் தூக்கி எறியுங்கள், மிருதுவான ரப்பருக்குள் ஊறியது கழுவினால் முழுதாகப் போகாது. மூடி, வளையம், ஸ்ட்ரா எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றி மெல்லிய பிரஷ் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபிறகே மறுபடி பூட்டுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூசணம் மறுபடி வரும். திறந்த கப்புக்கு இந்த வேலையெல்லாம் இல்லை.

இன்னொன்று: நடக்கத் தொடங்கிய குழந்தை வாயில் சிப்பரை வைத்தபடி ஓடி விழுந்தால் அதன் கடினமான குடிக்கும் முனை மேலண்ணத்தில் குத்தும். குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கட்டும்.