‘ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்’ என்பதற்குப் ‘பத்தடுக்கு’: ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓர் எண் பத்தின் எத்தனையாவது அடுக்குக்கு அருகில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ‘ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்’ என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘பருமன் வரிசை’, ‘அளவுநிலை’, ‘சுழிக்கணக்கு’ ஆகிய சொற்கள் வந்திருக்கின்றன. நான் ‘பத்தடுக்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஒரு கலைச்சொல்லைத் தனியே நிறுத்திப் பார்ப்பதைவிட, அது புழங்க வேண்டிய கணக்கு ஒன்றிற்குள் இறக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. ஆகவே, கோபிசெட்டிபாளையத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு, துகள்களை எண்ணும் அலகாகிய மோல் பற்றிய பாடத்தை ஒட்டி நான் கொடுக்கும் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்: ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன?

இங்க் ஃபில்லரிலிருந்து 20 சொட்டு விட்டால் அளவு ஜாடியில் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் ஏறுகிறது. எனவே ஒரு சொட்டின் நிறை 0.05 கிராம். தண்ணீரில் 18 கிராம் ஒரு மோல். ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை 6.02214076 × 10²³ என்று 2019 மே 20 முதல் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. 0.05-ஐ 18-ஆல் வகுத்து இந்த எண்ணால் பெருக்கினால் 1.67 × 10²¹ கிடைக்கிறது. கோடியைக் கோடியால் பெருக்கி, மீண்டும் ஒரு கோடியால் பெருக்கினால் வருவது 10²¹ ஆகையால், ஒரு சொட்டில் ஒன்றரைக் கோடி கோடி கோடிக்குச் சற்று மேற்பட்ட மூலக்கூறுகள் உள்ளன என்று நம் எண் பெயர்களிலேயே சொல்லிவிடலாம். மாணவர்கள் இதை விரும்பிச் சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு பெரியது என்பது அவர்கள் மனத்தில் ஏறுவதில்லை.

அதற்காகப் பவானிசாகர் அணையைக் கொண்டுவருகிறேன். அணை நிறைந்தால் 32.8 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 9.3 × 10¹¹ லிட்டர். லிட்டருக்கு 20,000 சொட்டு என்று கொண்டால் அணை முழுவதிலும் 1.9 × 10¹⁶ சொட்டுகள். ஆக, ஒரே ஒரு சொட்டிலுள்ள மூலக்கூறுகள், நிறைந்த அணையிலுள்ள சொட்டுகளைவிடக் கிட்டத்தட்ட 90,000 மடங்கு அதிகம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீட்டுக்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்த இடத்தில்தான் நமக்குச் சொல் வேண்டும். ‘அஞ்சு சைபர் கூடங்க சார்’ என்று மாணவர் சொல்லும்போது கருத்து அவரிடம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது தெரிகிறது. ‘சுழிக்கணக்கு’ என்று முன்மொழிந்தவர் மனத்தில் இருந்ததும் இந்தப் பேச்சு வழக்காகவே இருக்க வேண்டும். ஆனால் 90,000 என்ற எண்ணில் இருப்பவை நான்கு சுழிகள்தாம். அதற்கு மிக அருகிலுள்ள பத்தின் அடுக்கோ ஐந்து. 10⁻⁹ போன்ற சிற்றளவுகளுக்குச் சென்றால் சுழிகளை எண்ணுவது இன்னும் குழப்பம். ‘பருமன் வரிசை’ என்பதில் எனக்குள்ள தடை வேறு: பள்ளி நூல்களில் பருமன் என்பது கன அளவு. சொட்டின் பருமனையும் கணக்கில் வைத்துக்கொண்டு, விடையின் ‘பருமன் வரிசை’யையும் கேட்டால் மாணவர் தடுமாறுவார். ‘அளவுநிலை’ எண்ணிச் சொல்ல வராத சொல்.

‘அடுக்கு’ அப்படியன்று, கணக்குப் பாடத்தில் அடுக்குக்குறியாக ஏற்கெனவே பழகிய சொல். ‘சொட்டிலுள்ள மூலக்கூறுகள் அணையிலுள்ள சொட்டுகளைவிட ஐந்து பத்தடுக்கு அதிகம்’ என்ற தொடரில் அது இயல்பாக அமர்கிறது. எழுதும்போது ஒரு கவனம் மட்டும் தேவை. ‘இரு பத்தடுக்கு’ என்று குறுக்கிச் சேர்த்தால் ‘இருபத்தடுக்கு’ என்றாகி இருபதைக் காட்டிவிடும். ஆதலால் ‘இரண்டு பத்தடுக்கு’ என்று எண்ணுப்பெயரை முழுமையாகவும் பிரித்தும் எழுத வேண்டும்.

பிழையைப் பேசும்போது இச்சொல் இன்னும் நன்றாக உதவுகிறது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டனின் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை ஊற்ற, அது அரை ஏக்கருக்குப் பரவியதை 1774-இல் எழுதினார். அவர் செய்யாத வகுத்தலை நாம் செய்யலாம்: 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டருக்குப் பகிர்ந்தால் படலத்தின் தடிப்பு 2.5 நானோமீட்டர். படலம் ஒரே ஒரு மூலக்கூறு தடிப்புள்ளது என்றும், தண்ணீர் மூலக்கூறும் அதே 2.5 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்றும் கொண்டு எண்ணினால் 1 மில்லிலிட்டரில் 6 × 10¹⁹ தான் வருகிறது. உண்மையில் இருப்பதோ 3.3 × 10²². தண்ணீர் மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடத்தின் பக்கம் ஏறத்தாழ 0.31 நானோமீட்டர்தான், நீளத்தில் எட்டு மடங்கு பிசகியது, கனமாகும்போது ஐந்நூறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ‘நீளத்தில் ஒரு பத்தடுக்குப் பிழை, எண்ணிக்கையில் மூன்று பத்தடுக்குப் பிழையாகும்’ என்று ஒரே வரியில் இதைச் சொல்ல முடிவது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது.

இவ்வாறு தோராயமாகக் கணக்கிடும் முறைக்கு ‘குத்துமதிப்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அது பொறுப்பற்ற ஊகத்தைக் குறிக்கும் என்று இந்த இழையில் ஓர் ஐயா எழுதியிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பை விலை பேச வரும் வியாபாரி, நான்கைந்து மரங்களில் குலைக்கு எத்தனை காய் என்று அண்ணாந்து பார்த்து, மர எண்ணிக்கையால் பெருக்கித்தான் தொகை சொல்கிறார். அந்தக் குத்துமதிப்பை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. மாதிரி எடுப்பதும் பெருக்குவதும் அதற்குள் இருக்கின்றன.

இனி வரையறை. ஓர் எண்ணுக்கு மிக அருகிலுள்ள பத்தின் அடுக்கே அதன் பத்தடுக்கு என்றால், ‘அருகில்’ என்பதற்கு எல்லை எது என்று சொல்லியாக வேண்டும். முன்னெண் (3.3 × 10²² என்பதில் 3.3) 5-ஐத் தாண்டினால் அடுத்த அடுக்கு என்பது ஒரு வழக்கம். 10-இன் வர்க்கமூலமாகிய 3.16-ஐத் தாண்டினால் என்பது மற்றொன்று. மேலே கண்ட 1 மில்லிலிட்டர் தண்ணீரே இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது: முதல் வழக்கப்படி அதன் பத்தடுக்கு 22, இரண்டாவதன்படி 23. ஒப்பிடுவது மடங்கில் என்பதால், இருபுறமும் சம மடங்கில் நிற்கும் 3.16-ஐ நான் ஆதரிக்கிறேன். பள்ளி நூல்களில் 5-ஐக் கையாண்டு வருபவர்கள், அதை விட்டுவிடுவதில் வகுப்பறையில் என்ன இடர் வரும் என்று எழுதினால், சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் வரையறையைத் திருத்திக்கொள்ளலாம்.