ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து ஒரே ஒரு பாட்டு: மவுன்ட்டா, 7ஸிப்பா?

சாட்ஸ்வொர்த்_பேரன்: ஆயா பாடிய தாலாட்டு, கோயில் காவடிப் பாட்டு எல்லாம் எம்பி3யாகப் பழைய சிடி ஒன்றில் இருந்தது. மாமா அதை எப்போதோ ஐஎஸ்ஓ கோப்பாக்கி, அதாவது முழு சிடியையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, வைத்திருக்கிறார். என் உபுண்டு லேப்டாப்பில் டச்பேட் செத்துப்போச்சு, டெர்மினல்தான் கதி. தாலாட்டு மட்டும் போதும். எப்படி எடுப்பது?

தொங்காட்காரன்: சுடோ மவுன்ட் -ஓ லூப்,ஆர்ஓ போட்டு, கோப்பின் பெயர், பிறகு /எம்என்டி. எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டு தம்பி. சிடியைச் செருகியதுபோலத் திறக்கும். டிஸ்கில் கூடுதலாக ஒரு பைட் இடம்கூடப் போகாது.

பீனிக்ஸ்_அக்கா: ஒரு பாட்டுக்கு சுடோ என்று நிர்வாகி அதிகாரமா? 7ஸிப் என்ற கோப்பு பிரிக்கும் கருவி போதும். 7இஸட் எல் போட்டால் பட்டியல் வரும், 7இஸட் இ போட்டுப் பாட்டின் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் வெளியே வரும். மவுன்ட் செய்கிறவர்கள் கழற்ற மறந்துவிடுவார்கள். அப்புறம் ஐஎஸ்ஓவை அழித்தும் டிஸ்கில் இடம் திரும்பவில்லை என்று இங்கேதான் வந்து அழுவார்கள்.

தொங்காட்காரன்: அது மறதியின் குற்றம், மவுன்ட்டின் குற்றம் இல்லை. அம்பது பாட்டையும் கேட்டுப் பார்த்துத் தேட வேண்டுமென்றால் உங்கள் 7ஸிப் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு இருப்பீர்களா?

சாட்ஸ்வொர்த்_பேரன்: நீங்கள் சண்டை போடுங்கள். எனக்கு இரண்டுமே வேலை செய்யவில்லை. மவுன்ட், ஃபைல்சிஸ்டம் வகை தப்பு என்கிறது. 7ஸிப்பும் திறக்க மாட்டேன் என்கிறது.

பீனிக்ஸ்_அக்கா: எல்எஸ் -எல் போட்டு அளவைச் சொல் கண்ணு.

சாட்ஸ்வொர்த்_பேரன்: 591151680.

பீனிக்ஸ்_அக்கா: 2048ஆல் வகுத்தால் மீதி வருகிறது. 2352ஆல் வகுத்தால் சரியாக 251340. அப்படியானால் இது ஐஎஸ்ஓவே இல்லை, 'பின்' (bin) கோப்பைப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார். பின் கோப்பில் சிடியின் ஒவ்வொரு செக்டரும், அதாவது துண்டும், 2352 பைட்; அதில் 2048 பைட்தான் தரவு. முன்னால் 16 பைட், பின்னால் பிழை திருத்த 288 பைட் ஒட்டியிருக்கும். அதில் என்ன எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'க்யூ' (cue) கோப்பு எதையாவது மாமா விட்டுவைத்தாரா?

சாட்ஸ்வொர்த்_பேரன்: அதே ஃபோல்டரில் இருக்கிறது அக்கா.

தொங்காட்காரன்: இதில் அக்கா சொல்வதுதான் சரி. பிசங்க் (bchunk) கருவியை நிறுவி, 'பின்', 'க்யூ' கோப்புகள் இரண்டையும் கொடு, நிஜமான ஐஎஸ்ஓ வரும். அதற்குப் பிறகு மவுன்ட்தான்.

சாட்ஸ்வொர்த்_பேரன்: மவுன்ட் ஆச்சு! ஆனால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக நிற்கிறது.

பீனிக்ஸ்_அக்கா: ஹா! 7இஸட் எல் போட்டுப் பார்.

சாட்ஸ்வொர்த்_பேரன்: அதில் தமிழ் அழகாகத் தெரிகிறது.

தொங்காட்காரன்: ரொம்பச் சிரிக்காதீர்கள். அது ஜோலியட் பெயர், அதாவது ஐஎஸ்ஓவில் தமிழ் மாதிரி எழுத்துகளிலும் கோப்புப் பெயர் வைக்க விடும் முறை. கழற்றிவிட்டு லூப்,ஆர்ஓவுக்குப் பின்னால் ஐஓகேர்செட்=யுடிஎஃப்8 சேர்த்து மறுபடி மவுன்ட் செய் தம்பி.

சாட்ஸ்வொர்த்_பேரன்: வந்துவிட்டது. ஒரு பெயர் மட்டும் வால் அறுந்து நிற்கிறது.

பீனிக்ஸ்_அக்கா: ஜோலியட்டில் 64 எழுத்துதான் எல்லை. நம் 'கு' கணினிக்கு இரண்டு எழுத்து, புள்ளி வைத்த 'க்' கூட இரண்டு. அதனால் தமிழ்த் தலைப்பு சீக்கிரம் முட்டிக்கொள்ளும். பாட்டு முழுசாகத்தான் இருக்கும்.

சாட்ஸ்வொர்த்_பேரன்: இருக்கிறது. நடுவில் நாய் குரைக்கிறது, ஆயா அதைத் திட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். இரண்டு பேருக்கும் நன்றி. நகலெடுத்துவிட்டேன், மவுன்ட் செய்த அந்த ஐஎஸ்ஓவை அழித்துவிடட்டுமா?

பீனிக்ஸ்_அக்கா: கழற்றினாயா?

சாட்ஸ்வொர்த்_பேரன்: ...இல்லை.