புதுப்பிப்பு: வாய்வாக்குக் கொடுத்த பையனை மற்றவர்கள் இழுக்கலாமா?

'அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு கல்லூரிக்கு ஆட வருவதாகப் பள்ளிப் பையன் ஒருவன் வாய்வாக்குக் கொடுத்துவிட்டால், மற்ற கல்லூரிக் கோச்சுகள் ஒதுங்க வேண்டும்' என்று போன வாரம் எழுதியிருந்தேன். பலர் சண்டைக்கு வந்தீர்கள். சரி, பாதி வாபஸ்.

வாய்வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை மற்ற கல்லூரிகளின் வலைவீச்சு நடக்கும். டிராவிஸ் ஹன்டர் என்ற பள்ளி வீரர் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றவர். 2021 டிசம்பரில், கையெழுத்து நாளன்றே, ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தொப்பியை மாட்டிக்கொண்டு, அங்கே சேர்வதாக அறிவித்துவிட்டார். அவரை இழுத்த ஜாக்சன் ஸ்டேட் கோச் டியான் சாண்டர்ஸ், அதே ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பழைய நட்சத்திரம்! வேடிக்கைதான்.

அப்புறம், கோச்சுகள் மட்டும் யோக்கியமா? வேறு வேலை கிடைத்தால் பையனை அம்போவென்று விட்டுப் போகிறார்கள். அணியில் கொடுத்த இடத்தையே திரும்பப் பிடுங்குவதும் உண்டு.

ஆனால் 'வேண்டாம்' என்ற பையனை விடாமல் போனில் நச்சரிப்பது? அந்தப் பாதியை நான் வாபஸ் வாங்கவில்லை.