3 அடி கடல் தொட்டியை 4 அடிக்கு மாற்றுகிறேன்: பழைய மணலை என்ன செய்வது?

பெரம்பூர் கிளவுன்:
வணக்கம். வீட்டில் 3 x 1.5 x 1.5 அடி கடல் தொட்டி சில வருஷமாக ஓடுகிறது, சுமார் 190 லிட்டர். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கோபி மீன், ஒரு கிளீனர் இறால், கூடவே ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர் என்று மென்மையான பவள வகைகள். கொளத்தூர் மீன் தொட்டிக் கடையில் சொல்லி 4 x 2 x 2 தொட்டி செய்து வாங்கியாயிற்று. வைக்க இடம் ஒன்றுதான், பழைய தொட்டி நிற்கும் அதே சுவரோரம். காலையில் பிரித்தால் ராத்திரிக்குள் புதியது ஓடியாக வேண்டும்.

கவலை மணலைப் பற்றித்தான். கண்ணாடியோரமாகப் பார்த்தால் அடியில் ஒரு விரல் தடிமனுக்குக் கறுத்திருக்கிறது. கடையில், "பாக்டீரியா எல்லாம் அதுலதான் இருக்கு, அப்படியே அள்ளிப் போடுங்க" என்கிறார்கள். போடலாமா? புதுத் தொட்டியை ஒரு மாதம் மீனில்லாமல் ஓடவிட்டு பாக்டீரியா வளர்க்கும் 'சைக்கிள்' செய்யாமல் மீனை விடலாமா? இன்னொன்று, குடிதண்ணீர் ஆர்ஓ மெஷின் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 60 காட்டுகிறது. போதுமா?

அடையாறு ரீஃப்:
அந்த மணலை அள்ளிப் போடவே போடாதீர்கள். கறுத்திருக்கிறது என்றால் அங்கே ஆக்சிஜன் போகவில்லை என்று அர்த்தம். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம். இத்தனை நாள் சேர்ந்த கழிவும் கூடவே கிளம்பி அம்மோனியாவை ஏற்றிவிடும். இடமாற்றத்தில் மீன் சாவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். புது அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலைக் கழுவிப் போடுங்கள். பழையதில் மேலாக வெளுத்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, உப்புத் தண்ணீரில் அலசித் தூவினால் போதும்.

பாக்டீரியா பெரும்பாலும் தொட்டிக்குள் இருக்கும் கல்லில்தான் இருக்கிறது. கல் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கியபடி மாறினால், மீன்களும் அதே அளவில் இருந்தால், ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்.

வேளச்சேரி உப்புத்தண்ணி:
தண்ணீர் விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. 60 போதாது. வீட்டு ஆர்ஓவில் பல மாடல்களில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் வால்வு ஒன்று இருக்கும். வந்த தண்ணீரிலேயே கொஞ்சத்தை உள்ளே கலந்துவிடும். போர் தண்ணீர் வரும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். அதை மூடிவிட்டு, கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழல் ஒன்று மாட்டி, மீட்டர் 0 காட்டிய பிறகு பிடியுங்கள். கேன் தண்ணீரை நம்பாதீர்கள், ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி வரும்.

பழைய தண்ணீரில் கலங்காத மேல்பகுதி 120 லிட்டர் தேறும். பாக்கி 300 லிட்டர் முதல் நாளே தயாராக வேண்டும். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்பு, ஆக 11 கிலோ வரும். டிரம்மை மொட்டை மாடியில் வைக்காமல் தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்து, உள்ளே மோட்டார் ஓட விடுங்கள். மறுநாள் உப்பும் சூடும் பழைய தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். அளக்கும் முன், உப்பளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபாருங்கள்.

பெரம்பூர் கிளவுன்:
மிக்க நன்றி அண்ணா. வீடு இரண்டாவது மாடி. கனம் தாங்குமா? பெரிய தொட்டியில் கல் பவளமும் (சுண்ணாம்புக் கூடு கட்டும் வகை) வைக்க ஆசை.

அடையாறு ரீஃப்:
தண்ணீர் மட்டுமே 460 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் சேர்ந்தால் 600ஐத் தாண்டும். பீம் எங்கே ஓடுகிறது என்று கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வையுங்கள். கல் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜோவாவும் மஷ்ரூமும் பரவினாலே நாலடி நிறைந்துவிடும்.

அப்புறம், மின்தடை அறிவிப்பு இல்லாத நாளாகப் பாருங்கள். பேட்டரி ஏர் பம்ப் கையில் இருக்கட்டும். பவளம், கல், மீனுக்குத் தனித்தனி வாளி. கல்லை எடுத்த பிறகுதான் மீன் சுலபமாகக் கைக்கு வரும். இறாலுக்கு உப்பு திடீரென்று மாறினால் ஆகாது, சொட்டுச் சொட்டாகப் பழக்கி விடுங்கள். மீனை விடும் முன்பே மெயினை ஒரு தடவை அணைத்து, மேலிருந்து இறங்கும் தண்ணீரைச் சம்ப் (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) தாங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெரம்பூர் கிளவுன்:
மாற்றியாயிற்று! மணலை வெளியே அள்ளும்போதே நீங்கள் சொன்ன அதே நாற்றம். மீன்கள் சாப்பிடுகின்றன, அம்மோனியா 0. ஆனால் தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது. லெதர் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் பளபளக்கிறது. செத்துவிட்டதா?

வேளச்சேரி உப்புத்தண்ணி:
இல்லை தம்பி, தோல் உரிக்கிறது. இடம் மாறினால் லெதர் அப்படித்தான் செய்யும், ஒரு வாரம்கூட மூடிக் கிடக்கும். மோட்டார் ஓட்டம் லேசாக அதன் மேல் படட்டும், தோல் தானாகக் கழன்றுவிடும். கையால் உரிக்காதீர்கள். பால் நிறம் புது மணலின் தூள். ஃபில்டர் சாக்ஸ் (தூளை வடிக்கும் துணிப்பை) மாட்டி, அடைக்க அடைக்க மாற்றுங்கள். லைட் புதியதா?

பெரம்பூர் கிளவுன்:
ஆமாம், புது எல்இடி. முழு வெளிச்சத்தில்தான் எரிகிறது.

வேளச்சேரி உப்புத்தண்ணி:
உடனே பாதியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அம்மோனியாவை இந்த வாரம் முழுக்கத் தினமும் பாருங்கள். லேசாக நிறம் மாறினாலும் தீனியை நிறுத்தித் தண்ணீர் மாற்றிவிட்டு, இங்கே எழுதுங்கள்.