தோள் இறுகியவர்கள், விரல் மடங்கியவர்கள்: உங்கள் வீட்டில் வேறு யாருக்கு?

கும்பகோணம், ஆசிரியை, 49 வயது

போன வருடம் ஆடி மாதம் கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதக் கையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அடுத்த சில வாரங்களில் தலை பின்னக் கை பின்னால் போகவில்லை. ராத்திரி வலது பக்கம் புரண்டால் உயிர் போய் வந்தது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: விடைத்தாள் பை தூக்கியது, ஃபேனுக்கு நேராகப் படுத்தது. பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடமும் போனேன். அவர் கையை இழுத்த இழுப்பில் மூன்று ராத்திரி தூக்கம் இல்லை.

அப்புறம் போன எலும்பு மருத்துவர் என் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். திரும்பவில்லை. அவரே திருப்பிப் பார்த்தார், அப்போதும் திரும்பவில்லை. "தசைநார் கிழிந்திருந்தால் உங்களால் முடியாது, ஆனால் நான் அசைத்தால் அசையும். இதில் யார் அசைத்தாலும் அசையாது" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது. கூடவே சுகர் பார்க்கச் சொன்னார். அதுவரை பார்த்ததே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. தோள்வலிக்குப் போன இடத்தில் சர்க்கரை வியாதியோடு திரும்பினேன்.

இப்போது யோசித்தால் அம்மாவுக்கும் ஐம்பது தாண்டியதும் இதேதான். ஒரு வருடம் நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். சித்திக்கு இரண்டு தோளிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வீட்டில் அதற்கு "வாயுப் பிடிப்பு" என்று பெயர் வைத்து முடித்துவிட்டோம். இது குடும்பத்தில் இறங்குவதா? உங்கள் வீடுகளில் எப்படி?

சேலம், தையல் கடை, 58 வயது

அம்மா, உங்களுக்குத் தோள், எனக்கு விரல். மோதிர விரல் காலையில் மடங்கி நிற்கும். இன்னொரு கையால் நிமிர்த்தினால் "டக்" என்று சொடுக்கும். ட்ரிகர் ஃபிங்கர் என்றார்கள். முப்பது வருடம் கத்தரி பிடித்த கை, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் கத்தரியே பிடிக்காத இடது கையிலும் வந்தது.

எனக்கு 14 வருடமாகச் சுகர். டாக்டர் "கும்பிடுங்கள்" என்றார். எதற்கு என்று புரியாமல் கும்பிட்டேன். உள்ளங்கை அடியில் ஒட்டுகிறது, விரல்கள் ஒட்டவில்லை. நடுவில் ஒரு பென்சில் போகும். சுகர்காரர்களின் கைக்கு இது ஒரு சோதனையாம். தினமும் கடை திறக்கும்போது சாமி படத்துக்குக் கும்பிடுகிறவன் நான். ஒருநாளும் கவனித்ததில்லை. என் அண்ணனைக் கும்பிடச் சொன்னேன். அவருக்கும் அதே இடைவெளி.

கோவை, 55 வயது

ஒன்றே ஒன்று. தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சுகர் சில நாள் ஏறும். எனக்கு மூன்று நாள் 300க்குக் கீழே இறங்கவில்லை. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி வலியை நன்றாகக் குறைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மதுரை, பிசியோதெரபிஸ்ட்

ஆசிரியை அக்காவுடைய கேள்விக்கு வருகிறேன். ஆமாம், இறங்குவதுண்டு. முழுக்க அதுவே என்று சொல்ல முடியாது.

தோள் மூட்டைச் சுற்றிப் பை போல ஓர் உறை இருக்கிறது. அது வீங்கி, அப்புறம் தழும்பு போலத் தடித்துச் சுருங்குவதுதான் இந்த நோய். காயம் ஆறும்போது தழும்பை இழுத்துச் சுருக்கும் அதே வகை செல்கள் இங்கே வேலையில்லாமல் வேலை செய்கின்றன. மேல்நாடுகளில் அதிகம் காணும் டுபுய்ட்ரன் என்ற கை நோயிலும் இவைதான். அதில் உள்ளங்கைத் தோலுக்கடியில் முடிச்சு வந்து, கயிறாகி, விரலை மடக்கும். 2021-ல் யூகே பயோபேங்க் என்ற பிரிட்டன் மக்களின் உடல்நலத் தகவல் தொகுப்பை வைத்துச் செய்த மரபணு ஆய்வில், தோள் இறுக்கத்தோடு தொடர்புள்ள ஐந்து இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. அவற்றில் மூன்று டுபுய்ட்ரன் நோயோடும் தொடர்புள்ளவை. தோளும் உள்ளங்கையும் ஒரே வேரில் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்கின்றன. நீரிழிவு கூடவே இருக்கும் நோய் மட்டுமல்ல, காரணமாகவும் இருக்கலாம் என்று அதே ஆய்வு காட்டியது.

சர்க்கரை எப்படி இறுக்குகிறது? ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை கொலாஜன் நார்களில் போய் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பாகு முற்றிய கடலை மிட்டாயை வளைத்துப் பாருங்கள், அந்த மாதிரி. பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் தோள் இறுக்கம், சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. தைராய்டு குறைவும் ஒரு கூட்டாளி, அதையும் பார்த்துவிடுங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் கையை முரட்டுத்தனமாக இழுக்கவே கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் யாரோ இழுத்துவிட்ட பிறகுதான் வருகிறார்கள். இறுகுவது, நிற்பது, இளகுவது எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம் ஆகலாம்.

ஒஸ்லோ, முதியோர் இல்லப் பணியாளர்

நான் யாழ்ப்பாணம். அந்த டுபுய்ட்ரனை இங்கே கிழமைக்கு இரண்டு பேரிலாவது பார்க்கிறேன். சின்ன விரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் மடிந்துபோய், குளிர்காலக் கையுறை போட்டுவிடவே பத்து நிமிடம் பிடிக்கும். பெரும்பாலும் நோவு இல்லை. மேசையில் உள்ளங்கையைத் தட்டையாக வைக்க முடியாது, அதுதான் அடையாளம். ஒரு தாத்தா "அப்பாவுக்கும் இருந்தது, அண்ணனுக்கும் இருந்தது" என்று பெருமையாகவே சொல்லுவார். இந்தப் பக்கத்துப் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் பெயரால் இதை வைக்கிங் நோய் என்று சொல்வது இங்கே பழைய பேச்சு. 2023-ல் வந்த ஆய்வோ இன்னும் பின்னால் போய், இதற்கான மரபணு மாற்றங்களில் சில அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தவை என்கிறது. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துப் பார்த்ததில் மரபின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதமாம்.

எங்கட ஆட்களில் இந்த விரல் மடிப்பை நான் இதுவரை காணவில்லை. ஆனால் தோள்மூட்டு இறுகினவர்கள் என்றால், கோயில் திருவிழாவில் நின்று எண்ணலாம். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம்.

கும்பகோணம், ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. சேலம் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுக் கும்பிட்டுப் பார்த்தேன், என் கை ஒட்டுகிறது. சித்தி கை ஒட்டவில்லை. தங்கைக்கு 44 வயது, தோள்வலி எதுவும் இல்லை. "எனக்கெதற்கு" என்றவளை இழுத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். எல்லைக்கோட்டில் நிற்கிறாள். என் மேல் கொஞ்சம் கோபம்.

எனக்குப் பதினாறு மாதம் ஆகிறது. மாத்திரை, நடை, சுவரில் விரலை ஊர்ந்தேற விடும் பயிற்சி. பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுத முடிகிறது. பின்னல் மட்டும் இன்னும் மகள்தான் போட்டுவிடுகிறாள்.