டிக் வெல்டிங் மெசின் பெட்டியில் கை பட்டால் கரண்ட் இழுக்கிறது, ட்ரிப்பும் விழுகிறது. எங்கே இருந்து பார்ப்பது?

கொக்குவில் பட்டறை:

வணக்கம். வீட்டோடு சேர்ந்த சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை கேற், கிறில், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் என்று ஹோல்டரில் குச்சி வைத்து ஒட்டும் வேலைதான். இப்போது ஸ்டெயின்லெஸ் கைபிடிக்கும் அலுமினியத்துக்கும் ஆட்கள் கேட்பதால், ஆர்கன் காஸுக்குள் டங்ஸ்டன் ஊசியால் ஆர்க் அடித்து ஒட்டும், பாவித்த 200 அம்பியர் ஏசி டிசி டிக் மெசின் ஒன்று வாங்கினேன். வேலை நன்றாகத்தான் செய்கிறது. ஆனால் மழைக்குப் பிறகு நிலம் ஈரமாய் இருக்கும் நாட்களில் பெட்டித் தகட்டிலோ திருகாணியிலோ புறங்கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறது, செருப்புப் போட்டிருந்தால் தெரியாது. அதோடு எச்எப்பில், அதாவது டங்ஸ்டன் தொடாமலே ஆர்க்கைப் பற்றவைக்கும் உயர் அதிர்வெண் பொறியில், ஆர்க் அடிக்கும்போது சிலவேளை, கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிச் விழுந்து முழு வீட்டுக்கும் கரண்ட் போய்விடுகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர், "இன்வேர்ட்டர் மெசினுக்கு ட்ரிப் சரிவராது, அதை விட்டு நேரே இழு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு வீட்டு 13 அம்பியர் பிளக்கில் இருந்து எக்ஸ்டென்ஷன் வயரில்தான் கரண்ட் எடுக்கிறேன். வழமையான பராமரிப்பு என்னென்ன என்பதையும் தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

சுன்னாகம் வயரிங்:

தம்பி, முதலில் அந்த மெசினை நிறுத்துங்கள். எர்த் பார்க்காமல் இனி ஒரு பொட்டுக்கூட வைக்க வேண்டாம். ட்ரிப்பை விட்டு நேரே இழுக்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதது நல்ல காரியம்.

உங்களுடையது போன்ற, கரண்டை எலக்ட்ரோனிக் முறையில் மாற்றும் இன்வேர்ட்டர் மெசினுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டும் ஒரு பில்டர் இருக்கும். அதில் லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் பெட்டிக்குச் சின்னக் கப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் வயர் நல்லபடி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், எவருக்கும் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் பெட்டி 230 வோல்ற்றின் பாதியளவில், அதாவது 115 வோல்ற் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் கொஞ்சம் என்பதால் சுள்ளென்று மட்டும் இழுக்கும். ஆனால் உள்ளே ஒரு வயர் உரசித் தோல் போயிருந்தாலும் தொடக்கத்தில் இதே மாதிரித்தான் இழுக்கும். இரண்டில் எது என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, மீற்றர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, எர்த் பின்னுக்கும் பெட்டியில் பெயின்ற் இல்லாத ஒரு திருகாணிக்கும் இடையில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷனையும் சொக்கெற்றையும் அதே மாதிரிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே கனபேர் பாவிக்கும் இரண்டு பின் அடப்டர்களில் எர்த்தே இல்லை. வேலைத்துண்டில் கிளாம்ப் பூட்டியிருக்கிறேனே, அது எர்த்தானே என்று நினைக்கவும் வேண்டாம். அது வெல்டிங் கரண்ட் திரும்பி வரும் வழி. பெட்டிக்கு வரும் 230 வோல்ற்றில் இருந்து உங்களைக் காப்பாற்றாது.

அப்புறம், மண்ணுக்குள் அடிக்கும் எர்த் கம்பி. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பல இடங்களில் மண் கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக்கல். கம்பி அடித்தால் கல்லில் முட்டி நின்றுவிடும், மிச்சத்தை வெட்டிவிட்டு மேலே சீமெந்து பூசிய வீடுகள் இருக்கின்றன. கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும். எர்த் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் வயர் நேரே பெட்டியில் முட்டினாலும் 2.3 அம்பியர்தான் ஓடும், 32 அம்பியர் பிரேக்கர் அதைக் கணக்கிலேயே எடுக்காது. அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லியம்பியர் ட்ரிப் ஒன்றுதான், அதைத்தான் உங்களிடம் கழற்றச் சொல்கிறார்கள்! மாதம் ஒரு தடவை ட்ரிப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது சுவிச் வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும், எர்த் கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கம்பியை எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளப்பவரிடம் காட்ட வேண்டும்.

13 அம்பியர் பிளக்கும் இதற்குக் காணாது. 200 அம்பியரில் டிக் ஆர்க் ஏறத்தாழ 18 வோல்ற், அதுவே 3.6 கிலோவாற். மெசினின் இழப்பையும் சேர்த்தால் சுவரில் இருந்து 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு மெயின் போர்ட்டில் இருந்து மெசினுக்கென்று தனி வயர், தனிப் பிரேக்கர், தனி ட்ரிப், 32 அம்பியர் நீல இன்டஸ்ட்ரியல் சொக்கெற் போடுங்கள். ட்ரிப் விழுந்தாலும் வீட்டில் விளக்கு நிற்காது, எனவே அதைக் கழற்ற வேண்டும் என்ற எண்ணமும் வராது.

குருநகர் டிக்:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் ரோச், அதாவது டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைபிடிப் பக்கத்தைச் சொல்கிறேன், படகு வேலைக்கு ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நாள் முழுக்கச் செய்பவன்.

டங்ஸ்டன் மாற்றும்போது மெசினை ஓப் பண்ணிவிட்டு மாற்றுங்கள். ரோச் சுவிச்சில் விரல் தவறிப் பட்டால் எச்எப் சில ஆயிரம் வோல்ற்றில் பாயும், ஈரக் கையுறையை ஊடுருவி வரும். காலையில் தொடங்கும் முன் ரோச் வயரை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். கைபிடியில் இருந்து வெளியே வரும் இடத்தில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். கிளாம்பின் வாய் கறுத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். கிளாம்பை வேலைத்துண்டிலேயே, வெல்டுக்குக் கிட்டப் பூட்டுங்கள். தூரத்தில் மேசைக் காலில் பூட்டினால் அந்தக் கரண்ட் வேறு வழி தேடிப் போகும், பெயாரிங்கையும் கட்டடத்தின் எர்த் வயரையும் எரித்துவிடும்.

வேலை முடிந்து டங்ஸ்டன் நீலமாக அல்லது கறுப்பாக வந்தால் காஸ் காணவில்லை என்று அர்த்தம். ஆர்க் நின்ற பிறகும் 10 அம்பியருக்கு ஒரு செக்கன் கணக்கில் ஆர்கன் ஓட விடுங்கள், 100 அம்பியருக்கு 10 செக்கன். பட்டறைக்குள் நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர் போதும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கனபேர் காஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அது வீண். காற்று வரும் பக்கம் ஒரு மறைப்பு வையுங்கள். ரோச்சின் பின்பக்க மூடியில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலும் காற்று உள்ளே இழுபட்டு வெல்ட் கறுக்கும், அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். மூட்டுகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஆர்கன் காற்றைவிடக் கனம், மணமும் இல்லை. தாங்கிக்குள் இறங்கிச் செய்யும் வேலையென்றால் காற்றோட்டம் இல்லாமல் இறங்கவே கூடாது.

சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசியைச் சுவாசிப்பது நல்லதல்ல. தங்க நிற முனைக்கு மாறுங்கள், ஏசிக்கும் டிசிக்கும் அது பொருந்தும். இன்னொன்றையும் எல்லோரும் கேளுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துண்டைத் துடைத்துவிட்டு ஆர்க் அடித்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அசிற்றோன் பாவியுங்கள், அதையும் நன்றாகக் காயவிட்டு, போத்தலைத் தூர வைத்துவிட்டு ஆர்க் அடியுங்கள்.

மெசின் திருத்துபவர்:

எச்எப் அடிக்கும்போது மட்டும் ட்ரிப் விழுந்தால் அதற்கு வயர் கிடக்கும் விதமும் ஒரு காரணமாகலாம். நீளமான ரோச் வயரைச் சுருட்டி ஈர நிலத்திலோ இரும்பு மேசையிலோ போட்டால் எச்எப் அதன் வழியாகவே எர்த்துக்குக் கசியும். விரித்து, முடிந்தளவு கட்டையாகப் பாவியுங்கள். ஈரக் காலை நேரத்தில்தான் கூட விழுகிறது என்றால் உள்ளே தூசி இருக்கிறது. என்னிடம் வரும் மெசின்களில் கனக்க இதே கதைதான். கிறைண்டரில் பறக்கும் இரும்புத் தூளை மெசினின் விசிறி உள்ளே இழுத்துச் சர்க்கிட் போர்ட்டில் படியவிடும், அதன்மேல் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்தால் கரண்ட் பாதைகளுக்கு இடையே கசியத் தொடங்கும். முதல் வேலையாகக் கிறைண்டரையும் மெசினையும் ஒரே மூலையில் வைப்பதை நிறுத்துங்கள்.

மாதம் ஒரு தடவை ஊதி எடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கொம்பிரசர் தாங்கியில் நிற்கும் தண்ணீரை முதலில் வெளியே விட்டு, குறைந்த அமுக்கத்தில் காற்றுத் துவாரங்களின் ஊடாக ஊதினால் போதும். விசிறியைக் காற்றால் சுழல விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பது எல்லோருக்கும் உரிய வேலை இல்லை. உள்ளே பெரிய கப்பாசிட்டர்களில் ஏறத்தாழ 325 வோல்ற் டிசி நிற்கும், பிளக் கழற்றிய பிறகும் நிற்கும். நான் திறந்தால் சில நிமிடம் பொறுத்து, மீற்றரில் அது இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். மீற்றர் பிடிக்கப் பழக்கமில்லாதவர் மூடியைத் தொட வேண்டாம்.

கொக்குவில் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. சுன்னாகம் அண்ணை சொன்னபடி பார்த்தேன். பிளக்குக்குள் பச்சை மஞ்சள் வயரைப் பின்னில் பூட்டாமல் வெட்டி, ரேப் சுற்றி மடித்து விட்டிருக்கிறார்கள், முன்பு வைத்திருந்தவரின் வேலை. தனி லைன் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன், எர்த்தும் அளப்பார். இன்னொரு கேள்வி. அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, பின்னேரங்களில் பட்டறைக் கதிரையில் வந்து இருப்பார். அதில் ஏதும் பிரச்சினை உண்டா?

சுன்னாகம் வயரிங்:

உண்டு தம்பி. மெசின் ஓடும்போது அவரைப் பட்டறைக்குள் விடவே வேண்டாம், எச்எப் பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும். டங்ஸ்டனைத் துண்டில் தொட்டு உயர்த்தி ஆர்க் எடுக்கும் லிப்ட் ஆர்க்குக்கு மாற்றினால் எச்எப் இருக்காது, ஆனாலும் பெரிய கரண்ட் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பேஸ்மேக்கர் அட்டையைக் கொண்டுபோய், வீட்டோடு வெல்டிங் பட்டறை இருக்கிறது, இன்ன அம்பியரில் டிக் ஓடுகிறது என்று இதய வைத்தியரிடம் சொல்லிக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அப்பாவின் கதிரை வீட்டு முன் விறாந்தையில் இருக்கட்டும்.